நான்கு திருகுகளின் மேல் ஒரு ஸ்கோப்: எல்க் வேட்டைத் துப்பாக்கி ஒன்றுக்கு மவுண்டும் ரிங்கும் தேர்ந்த நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலையின் மேற்குச் சரிவுகளில் எல்க் என்னும் பெரிய மான் வகையின் வேட்டைக்குப் பயன்பட்டுவந்த ஒரு ரெமிங்டன் 700 துப்பாக்கியைப் பற்றியது இந்த ஆய்வு. அது 1980களில் செய்யப்பட்ட பி.டி.எல். ரகம்; .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு தோட்டாவுக்கானது; வால்நட் மரக் கட்டையில், கன்னம் பதியும் பகுதி சற்று மேடாக எழும் மான்டி கார்லோ அமைப்புக் கொண்டது. முந்தைய உரிமையாளர் அதன்மேல் ஒரு இன்ச் குழாயும் மாறாத நான்கு மடங்கு உருப்பெருக்கமும் கொண்ட சிறிய ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) ஒன்றை, ரெட்ஃபீல்டு பாணி எஃகு பேஸில், அதாவது அதைத் தாங்கும் அடித்தளத்தில், பொருத்தியிருந்தார். அதைக் கழற்றிப் பார்க்கும் தேவை அவருக்கு ஏற்பட்டதே இல்லை.

துப்பாக்கி குடும்பத்தின் அடுத்த தலைமுறைக்கு வந்தபோது ஸ்கோப் மாறியது. 3 முதல் 15 மடங்கு வரை பெருக்கும், 50 மி.மீ. முன்வில்லையும் 30 மி.மீ. குழாயும் கொண்ட, ஏறத்தாழ 700 கிராம் எடையுள்ள புதிய ஸ்கோப் வாங்கப்பட்டது. அதற்கேற்ப, ஒரு கடையில் 20 எம்.ஓ.ஏ. (ஓர் எம்.ஓ.ஏ. என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) சரிவு கொண்ட அலுமினியப் பிக்கட்டினி ரெயிலும் (குறுக்குப் பள்ளங்கள் வெட்டிய பட்டை), ஸ்கோப்பின் குழாயைக் கவ்வும் உயரமான ரிங்குகளும் பொருத்தித் தரப்பட்டன. 100 கஜத்தில் முதலில் சுட்ட குண்டுகள் நெருக்கமாகவே விழுந்தன. 20 தோட்டாக்கள் கொண்ட ஒரு பெட்டி தீர்வதற்குள், குண்டு படும் இடம் ஒரு கையகலம் இடப்பக்கமாக நகர்ந்திருந்தது. மீண்டும் சரிசெய்து சுட்டால் மீண்டும் நகர்ந்தது. ஸ்கோப்தான் பழுது என்று கருதி, கடன் வாங்கிய வேறொரு 30 மி.மீ. ஸ்கோப்பை அதே ரிங்குகளில் வைத்துப் பார்த்தபோதும் நகர்வு நிற்கவில்லை. விலை மிகுந்த பாகத்தை விட்டுவிட்டு, அதைத் தாங்கும் பாகங்களைப் பார்க்கவேண்டிய கட்டாயம் அப்போதுதான் வந்தது.

நகர்வின் கணக்கு

இந்தத் துப்பாக்கியில் இரண்டு ரிங்குகளின் நடுவெளி ஏறத்தாழ 12.5 செ.மீ. முன்ரிங் அசையாமல் நிற்க, பின்ரிங் மட்டும் 0.1 மி.மீ., அதாவது சாதாரண எழுதுதாள் ஒன்றின் தடிமன் அளவு, பக்கவாட்டில் விலகினால் போதும். பார்வைக் கோடு 100 மீட்டரில் 8 செ.மீ., 300 மீட்டரில் 24 செ.மீ. தள்ளிப்போகும். முழு வளர்ச்சியடைந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும் பெருவிலங்கு என்றாலும், இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி ஏறக்குறைய 40 செ.மீ. குறுக்களவு கொண்டதே. அதன் நடுவைக் குறிவைத்தவருக்கு எந்தப் பக்கமும் 20 செ.மீ. மட்டுமே இடமுண்டு. ஒரு தாளின் தடிமன் அந்த இடம் முழுவதையும் விழுங்கி, விலங்கு காயத்தோடு மலைக்குள் ஓடும் நிலையை உண்டாக்கிவிடும். பேஸும் ரிங்கும் சேர்ந்த மவுண்டின் தேர்வை ஓர் உதிரிபாகம் வாங்கும் வேலையாக நான் கருதாததற்கு இந்தக் கணக்கே காரணம்.

கழற்றியபோது கண்டவை

முதலில் கட்டையையும் ரிசீவரையும் (பேரலும் போல்ட்டும் பொருந்தும் நடு உலோக உடல்) இணைக்கும் திருகுகள் சோதிக்கப்பட்டன. அவை தளர்ந்திருந்தாலும் இதே நோய்க்குறி தோன்றும் என்பதாலும், அவற்றைச் சோதிக்க ஒரு நிமிடமே ஆகும் என்பதாலும், தொடக்கம் எப்போதும் அங்கிருந்தே இருக்கவேண்டும். அவை இறுக்கமாகவே இருந்தன.

அடுத்தது ரிங்குகள். மேல்மூடியின் இரு பக்கமும் இருக்கவேண்டிய சம இடைவெளி இல்லை. ஒரு பக்கம் முழுதும் ஒட்டி, மறுபக்கம் அகன்றிருந்தது. முறுக்கு அளவுகோல் எதுவும் இல்லாமல், எல் வடிவச் சாவியால் கைபோன போக்கில் இறுக்கியதன் அடையாளம் இது. மூடியை அகற்றியதும் குழாயில் ரிங்கின் விளிம்பு பதிந்த பள்ளக்கோடு தெரிந்தது. இதனால் ஸ்கோப்பின் உருப்பெருக்க வளையம் இறுகலாம்; வில்லைகளைத் தாங்கும் உட்குழாய் நெருக்கப்படலாம். ஆனால் குண்டு நகர்வதற்கு இது மட்டும் காரணமாக இருக்கமுடியாது.

ரிங்கின் அடியில், ரெயிலின் பள்ளத்தில் அமரும் குறுக்குக் கம்பி இன்னொரு கதையைச் சொன்னது. இங்கே வீவர், பிக்கட்டினி என்னும் இரண்டு தரங்களைப் பிரித்தறிவது அவசியம். டபிள்யூ. ஆர். வீவர் 1930இல் ஸ்கோப் செய்யத் தொடங்கி, பின்னர் டெக்ஸாஸின் எல் பாசோவில் நிலைகொண்ட தயாரிப்பாளர். அவர் பெயரால் வழங்கும் பேஸில் குறுக்குப் பள்ளத்தின் அகலம் 0.180 இன்ச், அதாவது 4.57 மி.மீ.; பள்ளங்களுக்கு இடையிலான தூரத்துக்குக் கட்டாய அளவு எதுவும் இல்லை. அமெரிக்க ராணுவம் 1995இல் மில்-எஸ்.டி.டி-1913 என வகுத்த பிக்கட்டினி ரெயிலில் பள்ளத்தின் அகலம் 0.206 இன்ச், அதாவது 5.23 மி.மீ.; பள்ளத்துக்குப் பள்ளம் 10.01 மி.மீ. என்பது மாறாதது. பிக்கட்டினிக்குச் செய்த ரிங்கின் தடித்த கம்பி வீவர் பள்ளத்தில் இறங்காது. வீவர் ரிங் பிக்கட்டினி ரெயிலில் இறங்கும். ஆனால் முன்னும் பின்னும் அரை மில்லிமீட்டருக்கு மேல் வெற்றிடம் இருக்கும்.

இந்தத் துப்பாக்கியில் நேர்ந்தது இந்த இரண்டாவது வகை. அது தன்னளவில் பிழை ஆகாது. துப்பாக்கி வெடித்ததும் ரிசீவரும் ரெயிலும் பின்னோக்கிப் பாய, ஸ்கோப் தன் நிலைமத்தால் இருந்த இடத்திலேயே நிற்க முயலும்; ரெயிலிலிருந்து பார்த்தால் ஸ்கோப் முன்னோக்கி நழுவ முயல்வதாகவே பொருள். ஆகவே ரிங்கை இறுக்குவதற்குமுன் கம்பி பள்ளத்தின் முன்சுவரைத் தொடும்வரை முன்னே தள்ளிப் பிடித்துக்கொள்ளவேண்டும். அப்படிச் செய்தால் வெற்றிடம் பின்புறம் போய்விடும். தீங்கு எதுவும் இல்லை. இங்கே முன்ரிங்கின் கம்பி பள்ளத்தின் நடுவிலும், பின்ரிங்கின் கம்பி பின்சுவரை ஒட்டியும் இருந்திருக்கின்றன. பின்ரிங் நழுவிய தடம் ரெயிலின் கறுப்புப் பூச்சில் பளபளப்பாகத் தெரிந்தது.

உண்மையான குற்றவாளி அதற்கும் கீழே, ரெயிலை ரிசீவரோடு இணைக்கும் நான்கு திருகுகளில் இருந்தது. ரெமிங்டன் 700இன் ரிசீவரில் மேலே நான்கு துளைகள் உண்டு. திருகின் அளவு 6-48, அதாவது விட்டம் 0.138 இன்ச், ஓர் இன்ச்சுக்கு 48 மரைகள். முன்கோடியிலுள்ள துளைக்கு நேர் கீழே பேரலின், அதாவது துப்பாக்கிக் குழலின், மரைகள் வருகின்றன. அதற்கு அடுத்த துளைக்குக் கீழே, தோட்டா அறையை மூடும் போல்ட்டின் பூட்டுமுனைகள் சுழலும் இடம் வருகிறது. இரண்டாவதில் நீளமான திருகு போட்டால் போல்ட் உராய்ந்து உடனே காட்டிக்கொடுத்துவிடும். முதலாவதில் போட்டால் நிலைமை கெட்டது. திருகின் நுனி பேரல் மரையில் போய் முட்டி நிற்க, சாவியைப் பிடித்த கைக்கு அது இறுகிவிட்டதாகத் தோன்றும், ரெயிலை மட்டும் அது அழுத்துவதே இல்லை. இங்கே முன்கோடித் திருகின் நுனி நசுங்கிப் பளபளத்தது. போதாக்குறைக்கு, ரெயிலின் அடியில் துருத்தடுப்பு எண்ணெய் அப்படியே இருந்தது.

இதைக் கண்டறியும் வழி எளிது. ஒவ்வொரு திருகையும் ரெயில் இல்லாமல் அதன் துளையில் கையால் இறக்கி, தலைக்குக் கீழே எத்தனை உயரம் எஞ்சுகிறது என்று பார்த்து, அதை ரெயிலின் தடிமனோடு ஒப்பிட்டாலே போதும். எஞ்சும் உயரம் தடிமனைவிட மிகுந்தால் அந்தத் திருகு ரெயிலைப் பிடிக்காது. கடையில் இதைச் செய்யச் சில நிமிடங்களுக்குமேல் ஆகியிருக்காது.

திருகுகள் தாங்கும் சுமை

நான்கில் ஒன்று பிடிக்காவிட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். எண்களை வைத்துப் பார்ப்போம். 180 கிரெயின், அதாவது 11.7 கிராம் எடையுள்ள குண்டு விநாடிக்கு 820 மீட்டர் வேகத்தில் பேரலை விட்டு வெளியேறுகிறது. பேரலுக்குள் அது இருக்கும் நேரம் ஏறத்தாழ 1.2 மில்லி விநாடி. அந்த நேரத்துக்குள், ஸ்கோப்போடு சேர்த்து 4.3 கிலோ எடையுள்ள துப்பாக்கி விநாடிக்கு 2.6 மீட்டர் வேகத்தைப் பெறுகிறது. சராசரி முடுக்கம் ஈர்ப்பு முடுக்கத்தைப்போல் 200 மடங்கைத் தாண்டும். அறையழுத்தம் உச்சத்தில் இருக்கும் கணத்தில் அது இரு மடங்காகும். ஸ்கோப், ரிங்குகள், ரெயில் மூன்றும் சேர்ந்து 950 கிராம் இருந்தன. அவற்றைத் துப்பாக்கியோடு சேர்த்துப் பின்னே இழுக்கச் சராசரியாக 2,000 நியூட்டன், உச்சத்தில் 4,000 நியூட்டனுக்கு மேல் விசை தேவை. ஒவ்வொரு முறை சுடும்போதும், இரண்டு பெரிய நெல்மூட்டைகளின் பாரத்துக்கு நிகரானது அந்த மெல்லிய திருகுகளின் மேல் ஒரு கணம் ஏறி இறங்குகிறது.

திருகு இந்த விசையைத் தன் உடம்பால் தாங்குவதாக எண்ணுவது பொதுவான தவறு. திருகின் வேலை அழுத்துவது. தாங்குவது ரெயிலுக்கும் ரிசீவருக்கும் இடையே பிறக்கும் உராய்வு. 20 இன்ச்-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2.3 நியூட்டன்-மீட்டர் முறுக்கில் ஒரு 6-48 திருகு சுமார் 3,200 நியூட்டன் அழுத்தம் தரும். நான்கும் சேர்ந்தால் 12,900. உராய்வெண் 0.15 முதல் 0.2 வரை என்று கொண்டால், நழுவாமல் பிடிக்கும் விசை 1,900 முதல் 2,600 நியூட்டன். ஒரு திருகு பொய்யாக இறுகியிருந்தால் இது 1,450 முதல் 1,900 வரை குறையும். எண்ணெய்ப் படலம் இருந்தால் இன்னும் கீழே போகும். சராசரிச் சுமையையே தாங்காத இணைப்பு என்பதுதான் இதன் முடிவு. ஒவ்வொரு குண்டுக்கும் ரெயில் நுண்ணளவில் நழுவி, திருகின் உடம்பு துளையின் சுவரில் மோதி, மெல்ல மெல்லத் தளர்ந்திருக்கிறது.

இந்த எண்கள் தோராயமானவை. மரையில் எண்ணெய் இருந்தாலோ, ரிசீவரின் மேற்பரப்பு வழவழப்பாக இருந்தாலோ மாறும். ஆனால் அவை காட்டும் விகிதம் மாறாது. எல்லாம் சரியாக இறுகியிருந்தாலும், ஒரு கிலோவை நெருங்கும் சுமைக்கு நான்கு 6-48 திருகுகள் விளிம்பில் நிற்பவையே. கனமான ஸ்கோப்புக்காகச் செய்யும் ரெயில்களில் ரிசீவரின் விளிம்பில் முட்டி நிற்கும் தடுப்பு நாக்கு வைப்பதும், துப்பாக்கித் தச்சர்கள் துளைகளை 8-40 அளவுக்குப் பெருக்கித் தடித்த திருகு போடுவதும் இதனால்தான்.

உயரம்

உறுதியைப் பற்றிய கேள்வி தீர்ந்த பின்னும், அந்த அமைப்பு இந்தத் துப்பாக்கிக்குப் பொருந்தாததாகவே இருந்தது. ரிசீவரின் விட்டம் 34 மி.மீ.; அதன் அச்சிலிருந்து மேற்பரப்பு 17 மி.மீ. அதன்மேல் ரெயில், அதன்மேல் உயரமான ரிங் என ஏறி, பேரல் அச்சிலிருந்து ஸ்கோப் அச்சு 53 மி.மீ. உயரத்தில் நின்றது. மான்டி கார்லோ கட்டை வடிவமைக்கப்பட்ட காலத்தில் ஸ்கோப்புகள் தாழ்வாக அமர்ந்தன. கன்னத்தை மரத்தில் பதித்தால் கண் தானாகவே வில்லையின் நடுவுக்கு வரும் என்பதே அந்த மேட்டின் பயன். 53 மி.மீ. உயரத்தில் கன்னம் மரத்தை விட்டு எழ, தாடை மட்டுமே தொட்டது. தலைக்கு ஊன்றுகோல் இல்லாதபோது கண் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்கும். வில்லையின் ஓரத்தில் கருநிழல் தோன்றும். கண் நகர்ந்தால் குறியும் நகர்வதுபோல் தோன்றும் இடமாறு தோற்றப் பிழையும் சேரும். மேசையில் மணல்மூட்டை வைத்து நிதானமாகச் சுடும்போது இதெல்லாம் தெரியாது. சரிவில் மூச்சிரைக்க ஏறி, முழந்தாளிட்டு, சில விநாடிகளுக்குள் சுடவேண்டியிருக்கும்போதுதான் தெரியும்.

அப்படியானால் குறைந்தபட்ச உயரம் எவ்வளவு? 50 மி.மீ. முன்வில்லை கொண்ட ஸ்கோப்பின் முன்கூம்பு வெளிப்புறத்தில் ஏறத்தாழ 57 மி.மீ. விட்டம் இருக்கும், பாதி 28.5. அந்த இடத்தில் பேரலின் ஆரம் ஏறத்தாழ 11. இடையில் 2 மி.மீ. வெளி விட்டால் 41.5 மி.மீ. வருகிறது. 40 மி.மீ. முன்வில்லைக்கு இதே கணக்கில் 36.5 வரும். பி.டி.எல். ரகத்தில் பேரலின் மேலேயே இரும்புக் குறிகாட்டியும் இருப்பதால், பெரிய முன்கூம்பு அதில் இடிக்காமல் இருக்க இன்னும் உயர்த்தவேண்டியிருக்கும். கடைக்காரர் உயரமான ரிங்கை எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

ரெயிலின் 20 எம்.ஓ.ஏ. சரிவைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். நெடுந்தொலைவுச் சுடுதலில் ஸ்கோப்பின் உயரத் திருத்தம் போதாமல் போகும்போது, பார்வைக் கோட்டை முன்கூட்டியே கீழே சாய்த்து வைக்கும் ஏற்பாடு அது. மொத்தம் 60 எம்.ஓ.ஏ. திருத்தம் கொண்ட ஸ்கோப்பில் நடுவிலிருந்து கீழ்ப்பக்கம் 30 இருக்கும். சரிவு அதில் 20ஐத் தின்றுவிட, ஸ்கோப்பின் உட்குழாய் தன் பயணத்தின் விளிம்பருகே போய் நிற்கும். 300 கஜத்துக்கு மேல் சுடப்போவதில்லை என்று சொல்லும் எல்க் வேட்டைக்காரருக்கு இதில் நயா பைசா பயன் இல்லை. கூடவே, பி.டி.எல். ரகத்தில் தோட்டாக்களை மேலிருந்துதான் நிரப்பவேண்டும். முழுநீள ரெயில் அந்த வாயின்மேல் பாலமாகக் கிடக்க, அக்டோபர்க் குளிரில் கையுறை அணிந்த விரல்கள் உள்ளே போகத் திணறின. உரிமையாளரின் முதல் குறையே இதுதான். குண்டு நகர்வது அவருக்குப் பிறகுதான் தெரியவந்தது.

முன்னிருந்த வழிகள்

முதல் வழி, ரெயிலையே வைத்துக்கொண்டு சரியான நீளத் திருகும், பிக்கட்டினி அளவுக் கம்பி கொண்ட நடுத்தர உயர ரிங்கும் போடுவது. செலவு மிகக் குறைவு. நகர்வு நிற்கலாம், எடையும் நிரப்பும் வாயின் நெருக்கமும் அப்படியே இருக்கும்.

இரண்டாவது, பழைய ரெட்ஃபீல்டு பாணிக்கே திரும்புவது. டென்வர் நகரில் 1909இல் தொடங்கிய ரெட்ஃபீல்டு நிறுவனம் பரப்பிய இந்த அமைப்பில், முன்ரிங்கின் அடியிலுள்ள டவ்டெயில் நாக்கை (அடி அகன்ற ஆப்பு வடிவ முனை) பேஸின் துளையில் இறக்கி 90 பாகை திருப்பிப் பூட்டவேண்டும். பின்ரிங்கை இருபுறமும் எதிரெதிராக நிற்கும் இரண்டு பெரிய திருகுகள் கவ்வும். பின்னுதைப்பு முழுவதையும் முன் டவ்டெயில் தாங்குகிறது. பக்கவாட்டுத் திருத்தத்தை ஸ்கோப்பைத் தொடாமலே பேஸில் செய்துகொள்ளலாம் என்பது இதன் தனிச்சிறப்பு. ரிசீவரின் துளைகள் நேர்கோட்டில் இல்லாத துப்பாக்கிகளுக்கு அது பெரிய வரம். ஆனால் முன்ரிங்கைத் திருப்ப ஸ்கோப்பையே நெம்புகோலாகப் பயன்படுத்திக் குழாயை வளைத்தவர்கள் ஏராளம்; அதற்கென்று ஒரு இன்ச் உருளைக் கட்டையைத்தான் பயன்படுத்தவேண்டும். அடிக்கடி கழற்றி மாட்டினால் டவ்டெயில் தேயும். எஃகு என்பதால் கனமும் உண்டு. மோசமான அமைப்பு என்று இதைச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒருமுறை சரியாகப் பொருத்திவிட்டுக் கைவைக்காமல் இருப்பவருக்கு இது இன்றும் போதும்.

மூன்றாவது, கருவியின்றிக் கழற்றும் நெம்பு வகை. ஐரோப்பியத் துப்பாக்கிகளில் சுழற்றி எடுக்கும் மவுண்டுகளும், பிளேசர் ஆர்8இல் பேரல்மேல் நேரே அமரும் சேணமும் இந்த வேலையை நேர்த்தியாகச் செய்கின்றன. இரண்டு ஸ்கோப்புகளை மாற்றி மாற்றி வைப்பவருக்கோ, காட்டில் ஸ்கோப் உடைந்தால் இரும்புக் குறிகாட்டிக்குத் திரும்ப விரும்புபவருக்கோ அது பொருந்தும். இந்த உரிமையாளர் இரண்டையும் விரும்பவில்லை.

நான்காவது, பர்ரிஸ் சிக்னேச்சர் போன்ற உட்செருகல் ரிங்குகள். ரிங்கின் உட்புறம் கோளவடிவில் குழிந்திருக்க, அதில் நெகிழி வளையம் அமர்ந்து குழாயின் கோணத்துக்கேற்பத் தானே திரும்பிக்கொள்ளும். குழாயில் தடம் விழாது. வளைக்கும் விசையும் இல்லை. மையம் விலகிய செருகல்களைக் கொண்டு துளைகளின் கோணலையும் ஈடுசெய்யலாம். துளைகளை அளந்தபின் கோணல் தெரிந்திருந்தால், தயங்காமல் இதையே தேர்ந்திருப்போம்.

ஐந்தாவது, டாலி லைட்வெயிட் போல பேஸும் ரிங்கின் கீழ்ப்பாதியும் ஒரே அலுமினியத் துண்டாகச் செய்யப்பட்டது. இதில் ரிசீவருக்கும் பேஸுக்கும் இடையே ஓர் இணைப்பு, ரிங்குக்கும் குழாய்க்கும் இடையே ஓர் இணைப்பு, அவ்வளவுதான். பேஸுக்கும் ரிங்குக்கும் இடையே நழுவ எதுவும் இல்லை. இணை இரண்டும் சேர்ந்து 100 கிராமுக்குள் அடங்கும். நிரப்பும் வாயின்மேல் பாலமும் கிடையாது. குறை ஒன்றே: பக்கவாட்டுத் திருத்தம் என்பதே இல்லாததால், துளைகள் நேராக இல்லாவிட்டால் இரண்டு ரிங்குகளும் குழாயை ஆளுக்கொரு பக்கம் திருகும்.

தேர்வு

துளைகளைச் சோதித்த பிறகே முடிவு எடுக்கப்பட்டது. கூர்முனை கொண்ட இரண்டு சீரமைப்புக் கம்பிகளை ரிங்குகளில் வைத்து முனைகள் சந்திக்கின்றனவா என்று பார்ப்பது வழக்கம். ஆனால் இரண்டு ரிங்குகளும் எதிரெதிர்க் கோணத்தில் சாய்ந்திருந்தாலும் முனைகள் சந்திக்கக்கூடும். அதனால் இரண்டு ரிங்குகளிலும் ஒருசேரக் கிடக்கும் முழுநீள உருளைக் கம்பியில் நீலமை பூசி, தடம் எங்கே விழுகிறது என்று பார்க்கப்பட்டது. இரண்டிலும் தடம் பெரும்பாலும் சீராகவே இருந்தது. எனவே ஐந்தாவது வழி தேர்ந்தெடுக்கப்பட்டது.

கடினமான பகுதி ஸ்கோப்பைப் பற்றியது. 700 கிராம் ஸ்கோப்பைத் தாழ்வான, இலகுவான மவுண்டில் வைப்பதற்கு இந்தத் துப்பாக்கியில் வழியில்லை. 3–9 மடங்கும் 40 மி.மீ. முன்வில்லையும் ஒரு இன்ச் குழாயும் கொண்ட, 370 கிராம் அளவிலான ஸ்கோப்பே பொருந்தும் என்றபோது உரிமையாளர் எளிதில் இசையவில்லை. அந்தி வெளிச்சத்தில் 50 மி.மீ. கூடுதலாகக் காட்டும் என்பது அவர் வாதம். கொலராடோவில் சட்டப்படி வேட்டை நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பு தொடங்கி, மறைவுக்கு அரை மணி பின்பு முடிகிறது. ஆகவே அந்த வாதத்தைப் புறந்தள்ள முடியாது. ஆனால் முன்வில்லையின் அளவை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும்; 40 மி.மீ. வில்லை ஆறு மடங்கில் 6.7 மி.மீ. கற்றையைத் தருகிறது. இளைஞரின் கண்மணியே இருட்டில் 7 மி.மீ. அளவுக்குத்தான் விரியும், நடுவயதைக் கடந்தவருக்கு அதனினும் குறைவு. அந்தியில் உருப்பெருக்கத்தை ஆறுக்குக் குறைத்துக்கொண்டால் பெரிய வில்லையின் மிச்ச ஒளி கண்ணுக்குள் போகவே போகாது. 30 மி.மீ. குழாய் அதிக ஒளி தரும் என்ற பேச்சும் அப்படியே. அது தருவது திருத்த அளவையும் விறைப்பையும். ஒன்பது மடங்கில் வேறுபாடு இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. 53 மி.மீ. உயரத்தைச் சுமப்பதற்கு அது ஈடாகாது என்பதே என் கணிப்பு. பெரிய ஸ்கோப் கனத்த பேரல் கொண்ட வேறொரு துப்பாக்கிக்குப் போனது.

புதிய அமைப்பின் மொத்த எடை 470 கிராம். துப்பாக்கி இலகுவானதால் உதை சற்றுக் கூடியது. ஆனாலும் திருகுகளின்மேல் வரும் சராசரிச் சுமை 2,000 நியூட்டனிலிருந்து சுமார் 1,150க்கு இறங்கியது. உச்சம் 2,400 அளவில், உராய்வு தாங்கும் எல்லையை ஒட்டி நிற்கிறது. ஸ்கோப் அச்சு 38 மி.மீ. உயரத்துக்கு வந்தது.

பொருத்திய முறை

ரிசீவரின் மேற்பரப்பு, துளைகள், திருகுகள், மவுண்டின் அடிப்பகுதி ஆகிய அனைத்தும் கரைப்பானால் எண்ணெய் போகத் துடைக்கப்பட்டன. ஒவ்வொரு திருகின் நீளமும் முன்சொன்ன முறையில் சோதிக்கப்பட்டு, முன்கோடித் திருகின் நுனி மட்டும் சற்று அராவப்பட்டது. பேஸ் திருகுகளில் கழற்றக்கூடிய நீலநிறத் திருகுப்பசை ஒரு சொட்டு இட்டு, முறுக்கு அளவுகோலால் 20 இன்ச்-பவுண்டுக்கு இறுக்கப்பட்டது. பசை ஈரமாக இருக்கும்போது மரை வழுக்கும் என்பதால், உலர்ந்த மரைக்குச் சொன்ன முறுக்கைவிட அதிகமாக அழுத்தம் விழும். எல்லையைத் தாண்ட ஆசைப்படாமல் இருப்பது நல்லது. ஒவ்வொரு திருகுக்குப் பின்னும் போல்ட் தடையின்றி மூடித் திறக்கிறதா என்று பார்க்கப்பட்டது.

கண்ணுக்கும் வில்லைக்கும் இடையிலான தூரம் ஒன்பது மடங்கில் அமைக்கப்பட்டது, ஏனெனில் அந்த நிலையில்தான் அது மிகக் குறைவாக இருக்கும். உரிமையாளர் வேட்டைக்கு அணியும் தடித்த மேலங்கியோடும், படுத்த நிலையிலும் பார்க்கச் சொன்னோம். படுத்துச் சுடும்போது கண் மிக நெருங்கும், மேட்டை நோக்கிச் சுடும்போது இன்னும் நெருங்கும். நின்ற நிலையில் மட்டும் பார்த்துப் பொருத்திய ஸ்கோப்புகள்தாம் புருவத்தைக் கிழிக்கின்றன.

ஸ்கோப்பினுள் தெரியும் குறுக்குவரை செங்குத்தாக நிற்கத் தொலைவில் கொத்தனாரின் குண்டுநூல் ஒன்று தொங்கவிடப்பட்டது. இதில் மிகையான கவலை தேவையில்லை. துப்பாக்கி ஒரு பாகை சாய்ந்தாலும் 300 மீட்டரில் குண்டு பக்கவாட்டில் விலகுவது ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு. மேல்மூடித் திருகுகள் இருபுறமும் இடைவெளி சமமாக இருக்க, குறுக்குமறுக்காகச் சிறிது சிறிதாக 15 இன்ச்-பவுண்டு வரை ஏற்றப்பட்டன. அவற்றில் பசை இடவில்லை. ரிங்கின் விளிம்பை ஒட்டிக் குழாயில் பென்சிலால் ஒரு மெல்லிய கோடு போடப்பட்டது. குழாய் நழுவினால் அது கோட்டிலிருந்து விலகிக் காட்டும்.

போல்ட்டை எடுத்துவிட்டுப் பேரலின் வழியே இலக்கைப் பார்த்துக் குறுக்குவரையை ஏறக்குறைய நேர்ப்படுத்தி, 25 கஜத்தில் சுட்டு, பிறகு 100 கஜத்தில் குண்டு 5 செ.மீ. மேலே படும்படி அமைக்கப்பட்டது. 180 கிரெயின் குண்டுக்கு அது 200 கஜத்தில் நேர்ப்பட அமையும். ஒரு பெட்டித் தோட்டா தீர்ந்தபின்னும் துளைகள் தம் இடத்தைவிட்டுப் போகவில்லை. பென்சில் கோடும் ரிங்கை ஒட்டியே இருந்தது. திருகுகளை மறுபடி அளந்தபோது மேல்மூடித் திருகுகளில் இரண்டு மட்டும் கால் சுற்றுக்கும் குறைவாக ஏறின. பேஸ் திருகுகள் அசையவில்லை. இதே ரிசீவரில் உதை மிகுந்த .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டா இருந்திருந்தால், 6-48 துளைகளை 8-40ஆகப் பெருக்காமல் இந்த மவுண்டைப் பரிந்துரைத்திருக்கமாட்டேன்.